பத்தடிக்குள் ஒரு நாற்காலி

"நாற்காலியை மடிங்க மேடம். இங்க உக்காரக் கூடாது."

இடலினா ரபோசோ கடிக்கப்போன ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நீலச் சீருடையில் ஒரு மனிதன். சட்டைப் பைக்கு மேல் 'லூசியன்' என்று தைத்திருந்தது.

"எத்தனை வருஷமா நான் இங்க உக்கார்றேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது மேடம். நான் இன்னிக்குக் காலையிலதான் வேலைக்குச் சேர்ந்தேன்."

இடலினா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் மறுபடி ஏற்றும்வரை வேலையில்லை. பஸ்ஸைப் பிக்கன்ஸ் முனையில் ஓரம் கட்டிவிட்டு, இந்த மணலில் நாற்காலி போட்டு, சோரிசோ என்கிற காரத் தொத்திறைச்சியும் மிளகாயும் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு கடலைப் பார்ப்பாள். கத்தல் இல்லை, வாந்தி இல்லை, 'மிஸ் இடா, இவன் என்னைக் கிள்றான்' இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டில் புருஷன் ஆர்மண்டோ டிவியை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அதுவும் ஒரு காரணம்.

போன மாதம் பின்னாலிருந்த பெரிய வீட்டைப் பக்கத்து மாநிலத்துக் கனெக்டிகட்காரர் ஒருவர் வாங்கினார். விட்லாக் என்று பெயர். வந்த அன்றே ஜன்னல் வழியாக இடலினாவின் முதுகைப் பார்த்தார். மறுநாள் 'தனியார் கடற்கரை' என்று பலகை முளைத்தது. இடலினா அதில் தன் தொப்பியை மாட்டினாள். அதற்கு மறுநாள் லூசியன் முளைத்துவிட்டான்.

"உக்காரக் கூடாதுன்னு எவன் சொன்னான்?"

"வீட்டுக்காரர். ஆனா மேடம், நீங்க நடந்தா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. நம்ம ரோட் ஐலண்ட் மாநில அரசியலமைப்புச் சட்டத்துலயே இருக்கு."

"அதுல கடற்கரை எல்லாமா எழுதியிருக்கு?"

"பின்ன? கரையிலேருந்து மீன் பிடிக்கலாம், கடல்பாசி அள்ளலாம், இறங்கி நீந்தலாம், கரையோரமா நடக்கலாம். உக்கார்றதைப் பத்திப் பேச்சே இல்ல."

"நின்னா?"

"நின்னா வம்பு. நடந்துக்கிட்டே இருங்க."

இடலினாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தாள். நாற்காலியை மடிக்கவில்லை. ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் காபிப் பால் என்று அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். மேலே ஜன்னலில் விட்லாக் நின்று பார்த்தார். இவள் அவரைப் பார்த்து ரொட்டியை உயர்த்திக் காட்டினாள்.

அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு முட்டிவலி இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வாரம் தாண்டுவதற்குள் இடலினாவின் இரண்டு முட்டியும் பன்னாக வீங்கிவிட்டது.

"பேசாம வீட்ல கிடயேன்," என்றான் ஆர்மண்டோ, ஐஸ் மூட்டையை அவள் காலில் வைத்தபடி. "ஊர்ல வேற கடற்கரையே இல்லையா?"

"இன்னிக்கு இங்க வேணாம்பான், நாளைக்கு அவன் சிநேகிதன் அங்க வேணாம்பான். கடைசியில கடலை நான் காலண்டர்லதான் பாக்கணும். என்னால முடியாது."

மறுநாள் நொண்டிக்கொண்டே போனவளைப் பார்த்து லூசியனே முகம் சுளித்தான்.

"நடக்க முடியலைன்னா ஏன் மேடம் நடக்கறீங்க? ஒரு வாளி கொண்டுவந்து பாசி அள்ளினா நான் என்ன சொல்ல முடியும்? அள்றவங்க நின்னு அள்ளுவாங்க, உக்காந்தும் அள்ளுவாங்க. அது உங்க சௌகரியம்."

அன்றிலிருந்து இடலினா நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்து, குனிந்து, பாசி அள்ளினாள். லூசியன் எதிரே நின்று கண்டிப்பாக முறைத்தான். முறைக்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் இருவரும் பேசினார்கள். லூசியன் வடக்கே வூன்சாக்கெட்காரன். பாட்டன் காலத்திலேயே கனடாவின் கியூபெக்கிலிருந்து மில் வேலைக்கு வந்த குடும்பம்.

"இதுக்கு முன்ன எங்க வேலை பாத்தேப்பா?"

"இதே மாதிரி ஒரு வீட்லதான்க்கா காவல். அங்க ஒருத்தர் தூண்டில் போட்டாரு, கேஸ் ஆச்சு, ஜெயிச்சிட்டாரு. என் வேலை போச்சு."

"அதுக்கு முன்ன?"

"அங்க ஒரு நீச்சல்காரம்மா. அதுவும் ஜெயிச்சிருச்சு."

"அட ராசி கெட்டவனே," என்று இடலினா உச்சுக்கொட்டி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவன் விட்லாக்கின் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தின்றான்.

அள்ளிய பாசியைச் சும்மா கொட்டிவிட்டுப் போக முடியுமா? விட்லாக் மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாரே. வாளி வாளியாக வீட்டுக்குப் போயிற்று. ஆர்மண்டோ முதலில் குதூகலப்பட்டான். கீரைப் பாத்திக்கு இதைவிட உரம் உண்டா? பாத்தி நிரம்பியது. பிறகு கார் நிறுத்துமிடம். பிறகு வாசல். வெயில் ஏற ஏற அந்த நாற்றம் தெருவைத் தூக்கியது. ஆர்மண்டோ சாப்பாட்டுத் தட்டோடு காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊராட்சிக்குப் போன் போட்டார்கள்.

இது போதாதென்று ஒரு காலை, விட்லாக் மணலில் நீளக் கயிறு கட்டியிருந்தார். இடலினாவின் நாற்காலி போடும் இடம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்.

"என்னடா இது?"

லூசியன் தலையைச் சொறிந்தான். "சட்டப்படி, கடல் ஏறி வந்து பாசியைப் போட்டுட்டுப் போற கோட்டுக்கு மேல பத்தடி வரைக்கும் ஜனங்களுக்குச் சொந்தம்க்கா. அந்தக் கோடு எங்கேன்னு வக்கீல் வந்து பாத்தாரு. காணோம்."

"காணோமா?"

"நீங்கதான் மொத்தத்தையும் வீட்டுக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டீங்களே."

இடலினா கையிலிருந்த வாளியைக் குனிந்து பார்த்தாள். உரிமையை இப்படி விழுந்து விழுந்து பயன்படுத்தி, உரிமைக்கான எல்லையையே பாத்தியில் போட்டு மக்கவைத்தவள் அந்த மாநிலத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் மலைத்து நிற்கிற ஜாதி இல்லை அவள். மதியமே ஆர்மண்டோவின் டிரக் பிக்கன்ஸ் முனைக்கு வந்தது. மூக்கில் துணி கட்டிய ஆர்மண்டோ, வாசல் பாசி அத்தனையையும் மணலில் வரிசையாகப் பரப்பினான்.

"நேரா போடு மனுஷா! கடல் போட்ட மாதிரி இருக்கணும்!"

"கடலுக்குப் பொண்டாட்டி இல்ல இடா, அது இஷ்டத்துக்குப் போடும்!"

விட்லாக் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். வந்தவன் கைல் மெல்லோ, ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன பையன். ஆறடி ஆள், இடுப்பில் துப்பாக்கி. இடலினாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

"மிஸ் இடா, கடற்கரையில குப்பை கொட்டறீங்கன்னு புகார்."

"இதே பாசி அங்கேயே கிடந்தா இயற்கை, நான் திருப்பிக் கொண்டாந்தா குப்பையா? கைலு, நீயே சொல்லு."

"எனக்குத் தெரியாது மிஸ் இடா. தயவுசெஞ்சு போயிடுங்க," என்று சொல்லிவிட்டு அவனே முதலில் போய்விட்டான்.

இனி மேலிடத்தில்தான் கேட்கவேண்டும் என்று இடலினா முடிவு செய்தாள். நல்ல கவுன் போட்டுக்கொண்டு ஊராட்சிக் கவுன்சிலுக்குப் போனாள்.

"நாங்க விதி போடறவங்க," என்றார்கள். "யாரைத் தடுக்கணும், தடுக்கக் கூடாதுங்கறது போலீஸ் வேலை."

போலீஸ் நிலையத்துக்குப் போனாள். "நாங்க இருக்கற சட்டத்தை நடத்தறவங்க," என்றார் தலைமை அதிகாரி. "அதுக்கு அர்த்தம் சொல்றது கோர்ட்."

கோர்ட்டுக்குப் போனாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "அர்த்தம் சொல்லலாம். கேஸ் எங்க? உங்களை யாராவது பிடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப பிடிபட்டுட்டு வாங்க."

அன்று கயிற்றோரம் நின்று இடலினா குமுறிய குமுறலில் நீர்க்காக்கைகள்கூடப் பக்கத்தில் வரவில்லை. "மூணு வாசல், மூணு பேரு, ஒருத்தன் இன்னொருத்தனைக் கையைக் காட்றான்! இதுக்குப் பேரு அரசாங்கமா?"

"வேணும்னுதான்க்கா அப்படிப் பிரிச்சு எழுதி வச்சிருக்காங்க," என்றான் லூசியன் நிதானமாக. "எல்லாம் ஒருத்தர் கையிலயே இருந்தா, விட்லாக் அந்த ஒருத்தரை மட்டும் விருந்துக்குக் கூப்பிட்டாப் போதுமே. இப்ப மூணு பேரைக் கூப்பிடணும்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

லூசியன் கடலைப் பார்த்தான். "கயிறைத் தாண்டி உக்காந்தா நான் போலீசைக் கூப்பிட வேண்டியிருக்கும்க்கா. அபராத டிக்கெட் எழுதுவாங்க. டிக்கெட் வந்தா கோர்ட்ல ஏறணும். ரொம்பத் தொல்லை. அதனால தயவுசெஞ்சு தாண்டிடாதீங்க."

இடலினா கயிற்றைத் தாண்டினாள். நாற்காலியை விரித்தாள். உட்கார்ந்தாள். லூசியன் ஒரு பெருமூச்சோடு போனை எடுத்தான்.

கைல் வந்தான். பேனாவைத் திறந்தான். மூடினான். "என்னால முடியாது மிஸ் இடா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு போடாது."

"எழுதுடா."

"வேணாம் மிஸ் இடா."

"ஏழாம் கிளாஸ்ல நயாகரா சுற்றுலா போனப்ப பஸ் கடைசி சீட்ல என்ன நடந்துச்சுன்னு நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. உன் புதுப் பொண்டாட்டிகிட்ட சொல்லட்டுமா?"

கைல் எழுதினான். 'அத்துமீறல்' என்று போட்டுக் கொடுத்துவிட்டு, "மன்னிச்சிருங்க," என்றான். இடலினா எட்டி அவன் கன்னத்தைத் தட்டினாள். "நல்ல பையன்."

விசாரணை அன்று கோர்ட்டில் இடமில்லை. பாதிப் பேர் அவள் பஸ்ஸில் போனவர்கள், மீதிப் பேர் அவர்களைப் பெற்றவர்கள். நீதிபதி பெக்கம் வெள்ளைத் தலையோடு வந்து உட்கார்ந்தார். விட்லாக்கின் வக்கீல் எழுந்து, காவல்காரரையே சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார்.

"மிஸஸ் ரபோசோ உட்கார்ந்திருந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

"பாத்தேன் ஐயா. தினமும்."

"இது அரசியலமைப்பின் பிரதி. கரையில் என்னென்ன செய்யலாம் என்ற பகுதியைப் படியுங்கள். உட்காருவது எங்கேயாவது இருக்கிறதா, கோர்ட் கேட்கட்டும்."

லூசியன் தொண்டையைக் கனைத்தான். கூரை அதிரப் படித்தான். "கரையின் உரிமைகளாவன, 'இவற்றோடு மட்டும் நில்லாமல்'..."

"அதற்கு அடுத்ததைப் படித்தால் போதும்."

"முழுசாத்தானே ஐயா படிக்கணும்? 'இவற்றோடு மட்டும் நில்லாமல்', மீன்பிடித்தல், பாசி அள்ளுதல், நீந்த இறங்குதல், கரையோரம் செல்லுதல். அவ்வளவுதான் ஐயா. அந்த முதல் வார்த்தையை வேணும்னா இன்னொரு தடவை படிக்கவா?"

வக்கீல் வேண்டாம் என்றார். நீதிபதி, "வேணும்," என்றார். லூசியன் மறுபடியும் படித்தான்.

பிறகு இடலினாவின் முறை. வக்கீல் இல்லை அவளுக்கு. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கப்பா போர்ச்சுகலோட அசோர்ஸ் தீவுலேருந்து வந்து இங்க மில்லுல உழைச்சாரு. வீடு வாடகை. மில் முதலாளியோடது. கோயில்ல முன்வரிசை வேற யாருக்கோ. ஞாயித்துக்கிழமை எங்களைக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்கு வந்து உக்காருவாரு. 'இங்க மட்டும்தான் யாரும் என்னை எழுந்திருன்னு சொல்ல முடியாது'ம்பாரு. அவருக்குச் சட்டம் தெரியாது. எனக்கும் தெரியாது. இப்பத் தெரியும். இந்த ஐயாவுக்கு வீடு பெருசா இருக்கலாம், ஜன்னல் பெருசா இருக்கலாம். கடல் போட்ட கோட்டுக்கு அவர் ஜன்னல்லேருந்து அளவு எடுக்க முடியாது. நீங்க அபராதம் போட்டாலும் நாளைக்கு நான் அங்கதான் உக்காருவேன். முட்டி வலிச்சாப் படுத்துப்பேன்."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. கடைசி வரிசையில் கைல் மெல்லோ கைதட்டிவிட்டு, சீருடையில் இருப்பது ஞாபகம் வந்து நிறுத்தினான்.

நீதிபதி டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். ஓரமாக வைத்தார். "புகார் தள்ளுபடி. மிஸஸ் ரபோசோ, நீங்க உக்காருங்க. இங்கயும், அங்கயும்."

மறுநாள் பிக்கன்ஸ் முனையில் திருவிழாக் கூட்டம். கயிறு இல்லை, பலகை இல்லை. ஊரே நாற்காலி கொண்டுவந்திருந்தது. விட்லாக் ஜன்னலில் திரைச்சீலை போட்டுவிட்டார். ஆர்மண்டோகூட வந்து, டிவி இல்லாமல் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான்.

ஆனால் இடலினாவுக்கு ரொட்டி இறங்கவில்லை. எதிரே முறைக்க ஆள் இல்லை. காப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று லூசியனை அன்று காலையே அனுப்பிவிட்டார்களாம். தன்னால் ஒரு மனிதனின் பிழைப்பு போய்விட்டதே என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது.

மதியம் அவனே வந்தான். சீருடை இல்லாமல், கையில் ஒரு மடக்கு நாற்காலியோடு. பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான். அவள் ரொட்டியைப் பிய்த்து நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிருப்பா. உன் வயித்துல அடிச்சிட்டேன். மூணாவது தடவையா வேலை போச்சு உனக்கு. நான் ஏதாவது செஞ்சு உனக்கு வேலை கிடைக்கும்னா சொல்லு, இப்பவே செய்யறேன்."

லூசியன் ரொட்டியை ரசித்து மென்று விழுங்கினான். பிறகு விரலால் கரையோரம் தூரத்தில் காட்டினான்.

"அந்தப் பச்சைக் கூரை வீடு தெரியுதாக்கா? புதுசா வாங்கியிருக்காங்க, இன்னும் காவலுக்கு ஆள் போடல. நாளைக்கு நீங்க அவங்க ஜன்னலுக்கு நேரா ஒரு மணி நேரம் போய் உக்காந்தாப் போதும், சாயங்காலமே என்னைக் கூப்பிட்டிருவாங்க."