எங்கேஜ் அன்ரியின் வட்டிலப்பக் கோப்பி

திருகோணமலைத் துறைமுகத்தைப் போர்த்துக்கேயர் பிடித்தார்கள், விட்டார்கள். ஒல்லாந்தர் பிடித்தார்கள், விட்டார்கள். பிரெஞ்சுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஆங்கிலேயர் நெடுங்காலம் குந்தியிருந்துவிட்டு, அவர்களும் மூட்டை கட்டினார்கள். பிடித்த இடத்தைக் கடைசிவரை விடாதவர் என்று அந்தத் துறைமுகத்தின் சரித்திரத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவரிடம் பீரங்கி இருக்கவில்லை. ஒரு கோப்பிக் கேத்தில் இருந்தது. அவரை நாங்கள் எங்கேஜ் அன்ரி என்று சொல்வோம், அவருக்குக் கேட்காத தூரத்தில் நின்று.

துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பிடிக்காத கதையை யாராவது தொடங்கினால், "லைன் எங்கேஜ்" என்பார். அதற்குப் பிறகு நீங்கள் எதிரே நின்று தலைகீழாக நடந்தாலும் அவருக்குக் காது கேட்காது. வீட்டை விற்கச் சொன்ன மைத்துனர், பூசைக்கு ஏன் பிந்தினீர்கள் என்று கேட்ட பங்குச்சாமியார், வாடகை அறையின் கூரை ஒழுகுகிறது என்று முறையிட்ட நான், எல்லோருக்கும் அதே பதில்தான். நான் குடாவுக்கு அந்தப் பக்கம், கட்டைபறிச்சானிலிருந்து அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கர் வேலைக்கு வந்தவன். துறைமுகத்தைப் பார்த்திருந்த அவருடைய வீட்டின் முன்னறை எனக்கு.

வட்டிலப்பக் கோப்பி பிறந்தது ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று. பிறந்தது என்பதைவிட, வீம்பில் விளைந்தது என்பதே சரி. அன்ரியோடு வேலை செய்த பரீதா ஒவ்வொரு பெருநாளுக்கும் வட்டிலப்பம் கொண்டு வருவார். தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி எல்லாம் கலந்து ஆவியில் அவித்தெடுப்பது. வாயில் வைத்தால் போன இடம் தெரியாது. "பரீதா அவிச்சா அவியும், நான் அவிச்சா அவியாதோ?" என்று அன்ரி ஈஸ்டருக்குத் தானே அவிக்க இறங்கினார். விருந்துக்குப் பரீதாவையும், முன்வீட்டு ராசம்மா ரீச்சரையும் கூப்பிட்டிருந்தார். பாதி அவியலில் அடுப்பில் மண்ணெண்ணெய் முடிந்துபோனது. ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு போத்தல் கிடைக்காத காலம் அது.

மூடியைத் திறந்தபோது வட்டிலப்பம் பாத்திரத்துக்குள் அலையடித்துக்கொண்டிருந்தது. ராசம்மா ரீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பிழை கண்டால் பொறுக்கமாட்டார்.

"இது அவியேல்லை."

"ஆர் அவியோணும் எண்டு சொன்னது?" என்றார் அன்ரி. பக்கத்தில் தயாராக இருந்த கேத்திலைத் தூக்கி, சூடான கோப்பியை அப்படியே அதன்மேல் ஊற்றினார். "இது வட்டிலப்பக் கோப்பி. வேணுமெண்டுதான் இப்பிடிச் செய்தனான்."

"வட்டிலப்பம் பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லுங்கோவன்."

"லைன் எங்கேஜ்."

நாங்கள் பயந்து பயந்து குடித்தோம். இரண்டாவது மிடறில் பயம் போய்விட்டது. பரீதா வெறும் கிளாஸை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார். ராசம்மா ரீச்சரும் நீட்டினார், முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். கோப்பிக் கொட்டையைக் கொஞ்சம் மல்லியோடு கறுக்க வறுத்து உரலில் இடிக்க வேண்டும். தேங்காயின் முதற்பாலில் கித்துள் கருப்பட்டியைச் சீவிக் கரைத்து, நன்றாக அடித்த மஞ்சள் கருவைச் சேர்த்து, ஏலமும் ஒரு சிட்டிகை சாதிக்காயும் தூவி, மெல்லிய நெருப்பில் கை எடுக்காமல் துழாவ வேண்டும். கொதித்தால் முட்டை திரளும். உங்கள் மானமும் அதோடு போகும். கலவை கரண்டியில் ஒட்டத் தொடங்கும்போது இறக்கி, கடுங்கோப்பியை மெல்லிய தாரையாக மேலேயிருந்து ஊற்ற வேண்டும். வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து மேலே போட்டு, வறுத்த கஜு முந்திரியைத் தூவினால் முடிந்தது. ஆனால் அன்ரியின் சட்டப்படி அது இன்னும் முடியவில்லை. அதை முன்விறாந்தையில், கதிரையில் இருந்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக் குடிக்க வேண்டும். "குசினிக்குள்ள ஒளிச்சு நிண்டு குடிச்சா அது மருந்து, தம்பி" என்பார். ஞாயிறு நாலு மணி என்றால் எங்கள் விறாந்தையில் அதுதான்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. எங்கள் தெரு வெறிச்சோடியது. சிலர் படகேறி இந்தியாவுக்கும், சிலர் கொழும்புக்கும் போனார்கள். போக வழியில்லாதவர்கள் கோயில் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்தார்கள். ஷெல் விழுந்து கூரை போன ராசம்மா ரீச்சரும் அங்கேதான். ஆளில்லாத வீடுகளை இராணுவம் எடுத்துக்கொள்ள, யன்னல்களில் மண்மூட்டை ஏறியது, வாசல் படலைகளில் முட்கம்பி ஏறியது. எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் சென்றி என்ற காவலரண் ஒன்று, வலப்பக்கம் ஒரு சென்றி. நடுவில், ஞாயிறு நாலு மணிக்கு, அன்ரி உரலில் கோப்பி இடிப்பார். முதல் இடி விழுந்ததும் இரண்டு சென்றியிலும் தலைகள் கீழே போகும். "நாங்கள் மட்டும் பங்கருக்குள்ள குதிக்கிறதோ? அவையளும் கொஞ்சம் குதிக்கட்டும்" என்று இன்னும் பலமாக இடிப்பார்.

ஒருமுறை அன்ரி உப்புவெளியில் பரீதா வீட்டிலிருந்து முட்டை அடிக்கிற பீற்றர் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, சென்றியில் இறக்கிப் பையைக் கொட்டினார்கள். ஒரு சிப்பாய் அதன் கைப்பிடியைச் சுற்ற, அது கிர்ரென்று சுழல, அவன் அதைக் கீழே போட்டுவிட்டு விலகிப் பாய்ந்தான். இது என்ன என்று அதட்டினார்கள். அன்ரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மரியாதையில்லாமல் கேட்டால் மறந்துபோகும். வாயே திறக்காமல் அவனுடைய தகரக் குவளையை வாங்கினார். பையிலிருந்த இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினார். சீனி கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினார். அவனும் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். நுரை குவளைக்கு மேலே எழும்பும்வரை அடித்தார். எல்லோரும் ஆவலோடு சூழ்ந்து நிற்க, முழுவதையும் தானே குடித்து, வெறும் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். எனக்கு வந்த வியர்வையில் ஒரு வேட்டி துவைத்திருக்கலாம்.

கனடாவிலிருந்த மகள் தொலைபேசியில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்குரியது. அந்த வீடு அன்ரிக்குத் தாய் கொடுத்த சீதனம். அன்ரி மகளுக்குக் கொடுக்க வேண்டியது.

"மகளுக்குத்தான் இந்த வீடு வேண்டாமே, அன்ரி?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். ஒரு நாளைக்குப் புருசனோட சண்டை பிடிச்சுக்கொண்டு பெட்டியோட வந்து நிண்டா எங்க இருப்பாள்? மண்மூட்டைக்கு மேலயோ?"

அந்த மண்மூட்டை ஒரு வியாழக்கிழமை எங்கள் படலைக்கே வந்துவிட்டது. ஓர் அதிகாரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். துறைமுகம் நன்றாகத் தெரிகிறதே என்று விறாந்தையில் நின்று மெச்சிக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அம்மா, வீடு பெரிசு. ஆள் இல்லை. எங்களுக்கு வேணும். நீங்க மகள்கிட்ட போங்க."

"ஆர் சொன்னது ஆள் இல்லையெண்டு? என்ர வீட்டில ஒரு பட்டாளமே இருக்குது."

"எங்கே பட்டாளம்?"

"வேலைக்குப் போயிட்டினம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கோப்பி குடிக்க வாங்கோ. எல்லாரும் இருப்பினம்."

அதிகாரி சிரித்தார். ஞாயிறு வருவதாகவும், ஆட்கள் இருந்தால் வீட்டைத் தொடுவதில்லை என்றும், இல்லையென்றால் திங்கள் காலை லொறி வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஜீப் மறைந்த பிறகு அன்ரி கதிரையின் கையைப் பிடித்துப் பிடித்து இருந்தார். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஏதாவது கேட்க வேண்டியிருந்தது.

"பட்டாளம் எங்க, அன்ரி?"

"நீர் இருக்கிறீர், நான் இருக்கிறன். மிச்சத்தைப் பிடிப்பம்."

குடையை விரித்துக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனார். கலியாணத்துக்குச் சொல்வது போல் பாய் பாயாகப் போய்ச் சொன்னார். யாரும் வருவதாக இல்லை. அந்த ரோட்டிலா, இரண்டு சென்றிக்கு நடுவிலா என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

"கோப்பி குடிச்சுச் சாகச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டார் ராசம்மா ரீச்சர்.

"குடிக்காட்டியும் சாவீங்கள்தானே, ரீச்சர். நாலு மணிக்கு."

கருப்பட்டி லொறி மாதக்கணக்காக வரவில்லை. பரீதா பெருநாளுக்கு ஒளித்துவைத்த பாதிக் கட்டியையும் முட்டைகளையும் அனுப்பிவைத்தார். விறகுக்குக் கோழிக்கூட்டின் கதவைக் கொத்தினோம். இனிப்புக் குறைவதை மறைக்க, தாராளமாகக் கிடைத்த ஒரே பொருளான சாதிக்காயை அன்ரி உரசிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு அதிகாரி நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டார். விறாந்தையில் நான் மட்டும், வெறும் கதிரைகளுக்கு நடுவே.

"எங்கே பட்டாளம்?"

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நாலு மணி எண்டு சொன்னனான். முந்தி வந்தாக்கள் இருந்து காத்திருக்க வேணும்."

அவர் இருந்தார். நானும் இருந்தேன். கோயில் மணி நாலு அடித்தது. ரோட்டில் ஒரு காக்காய்கூட இல்லை. மனதுக்குள் நான் திங்கட்கிழமை லொறியில் என் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது படலை கிறீச்சிட்டது. ராசம்மா ரீச்சர்! பட்டுச்சேலையும் கைப்பையுமாக. அவருக்குப் பின்னால் பரீதா. அவருக்கும் பின்னால், கோயிலுக்குப் போகிற உடுப்பில், மண்டபத்துச் சனம் குடும்பம் குடும்பமாக. எனக்கு எழுந்து எல்லோர் காலிலும் விழவேண்டும் போல் இருந்தது. கதிரை போதாமல் படிக்கட்டிலும் இருந்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதிகாரி காலை நீட்டி நிமிர ஒரு தரம் எழுந்து நின்றார். அவ்வளவுதான். விறாந்தை முழுவதும் ஒன்றாக எழுந்து நின்றது. ஒவ்வொரு கையிலும் ஓர் அடையாள அட்டை, நீட்டியபடி. யாரும் கேட்கவில்லை. இராணுவ உடுப்பைக் கண்டால் கை தானாகப் போகும், அவ்வளவு பழக்கம். அந்த வீட்டிலேயே குடியிருந்த நானும் என்னுடையதை நீட்டிக்கொண்டு நின்றேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதிகாரி அட்டைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"அம்மா," என்று உள்ளே குரல் கொடுத்தார். "இது வீட்டு ஆள் இல்லை. அகதி முகாம் ஆள். வீட்டில யார் ஐசி காட்டுறது?"

அன்ரி தட்டோடு வெளியே வந்தார். அப்படி ஒரு கோபத்தை நான் கண்டதில்லை. அதிகாரியை அவர் பார்க்கவேயில்லை; கோபம் முழுக்க எங்கள்மேல்.

"கோப்பி குடிக்கிறதுக்கு என்னத்துக்கு ஐசி? உங்கட வீட்டில நீங்கள் இருக்க ஆரிட்டக் கேக்கிறீங்கள்? இருங்கோ எல்லாரும்!" பொத்தென்று இருந்தோம். "கையில வைச்சுக்கொண்டு நிக்காம ஒரு பிரயோசனத்துக்கு வையுங்கோ. ஈ மொய்க்குது!" என் கையிலிருந்த அட்டையைப் பறித்து, என் கிளாஸின் மேல் மூடியாகப் போட்டார். அடுத்தவரும் போட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கிளாஸின் மேலும் அரசாங்கம் தந்த மூடி இருந்தது.

ராசம்மா ரீச்சர் தன்னுடையதை நீக்கி ஒரு மிடறு குடித்தார். அவருடைய முகம் மாறியது. அவருக்கும் தெரியும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது என்று. ஆனால் பிழை பிழைதானே.

"சாதிக்காய் கூடிப்போச்சு."

"உங்கட நாக்கில பிழை, ரீச்சர்."

"என்ர நாக்கிலயோ? பரீதா, நீங்கள் சொல்லுங்கோ!"

"கொஞ்சம் கூடத்தான்," என்றார் பரீதா.

"என்ர முட்டைக்கோப்பியைப் பார்த்துத்தானே அன்ரி இதைச் செய்தவ" என்று படிக்கட்டிலிருந்து ஒரு பெண் குரல் கொடுக்க, நுரை தனக்கு வரவில்லை என்று ஒருவர் எழும்ப, கஜுவை யாரோ பொறுக்கித் தின்றுவிட்டார்கள் என்று இன்னொருவர் கத்த, விறாந்தை இரண்டாகப் பிரிந்தது. அதிகாரி நடுவில் நின்று, "நிப்பாட்டுங்க!" என்று சத்தம் போட்டார். ஒருவரும் எழும்பவில்லை. யாரோ அவருடைய கையிலும் ஒரு கிளாஸைத் திணித்து, "நீங்கள் சொல்லுங்கோ, சாதிக்காய் கூடவோ இல்லையோ?" என்று கேட்டுவிட்டார்கள்.

அவர் குடித்துப் பார்த்து, யோசித்துச் சொன்னார். "கொஞ்சம் கூட."

அன்ரி கிளாஸை அவருடைய கையிலிருந்து பறித்தார். "பிடிக்காட்டி வையுங்கோ. குடிக்கிறதுக்கு வீட்டில ஆக்கள் இருக்கினம்."

அதிகாரி அன்ரியைப் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு படலையடிக்குப் போய், அங்கே நின்ற சிப்பாயிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். என்ன சொன்னார் என்று பரீதாவைக் கேட்டோம். "முகாமில இப்பிடிச் சண்டை பிடிக்கமாட்டினம், இது வீடுதான் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

திங்கள் லொறி வரவில்லை. பிறகு எந்தத் திங்களும் வரவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல. பொழுது சாய, ஊரடங்குக்கு முன்னால் போய்ச் சேரவேண்டுமென்று சனம் அட்டைகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு எழும்பியது. அன்ரி படலையைச் சாத்திவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க போறீங்கள்?"

"மண்டபத்துக்கு."

"என்ர வீட்டில பட்டாளம் இருக்குதெண்டு அந்தாளுக்குச் சொன்னனான். நீங்கள் போய் என்னைப் பொய்க்காரியாக்கிறதோ? உள்ள போங்கோ."

போனார்கள். பரீதாவை மட்டும் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். மற்றவர்கள் வருடக்கணக்கில் இருந்தார்கள், ஒவ்வொரு ஞாயிறும் சண்டை பிடித்துக்கொண்டு. ராசம்மா ரீச்சருக்கு முழங்கால் வருத்தம் என்று என் முன்னறையும் கட்டிலும் என்னைக் கேட்காமலே அவருக்குப் போயின. கூரை ஒழுகுவதைப் பற்றி ரீச்சர் சொன்ன அன்றே ஓடு மாற்றப்பட்டது. எனக்கு ஒரு பாயும், குசினியில் உரலுக்குப் பக்கத்தில் ஓர் இடமும் கிடைத்தன. அதற்கும் வாடகை வாங்கினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது எனக்குச் சொந்த வீடு இருக்கிறது, நல்ல மெத்தை இருக்கிறது, வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையும் இருக்கிறது. தலைமாட்டில் அன்ரி கோப்பி இடிக்க இடிக்க நான் அந்தப் பாயில் புரண்டு படுத்துத் தூங்கிய தூக்கம்தான் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.