முட்டி நலமாக இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் என் வலது முட்டியும் சௌக்கியம். அங்கு நீயும் மாப்பிள்ளையும், முட்டியை மாற்றி வைத்த டாக்டரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஊர் திரும்பியதும் தையல் பிரிக்க இங்குள்ள எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வேலை சுத்தமா இருக்கு. ஆனா வேற ஆள் செஞ்சது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலையில விழும். அங்கேயே போய்ப் பிரிச்சுக்கங்க" என்றார். தையல் பிரிக்க விமானம் ஏறுவதா என்று நான் கேட்க, "நடைபாதை ஓரத்து சீட்டா வாங்குங்க, கால் நீட்ட வசதி" என்று அக்கறையாகச் சொன்னார். கடைசியில், வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட்தான் தெரிந்த நர்ஸ் ஒருத்தியைக் கூட்டிவந்து பிரிக்க வைத்தார். தங்கமான மனிதர், ஆனால் முட்டியைப் பிடித்துவிட்டால் ஈவிரக்கம் கிடையாது. "வலிச்சா சொல்லுங்க சார்" என்பார். சொன்னால், "அப்ப சரியாத்தான் போகுது" என்று இன்னும் அழுத்துவார். உன் அம்மா சமையலறையிலிருந்து, "மெதுவா கத்துங்க, பக்கத்து வீட்டுல ஆள் இருக்கு" என்று குரல் கொடுப்பாள். தானும் முட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசனை கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பட்ட பாடு வீண் போகவில்லை. போன வாரம் வீடியோவில் உங்கள் டாக்டர் காலை மடக்கச் சொன்னபோது, குதிகால் தொடையில் இடிக்க மடக்கிக் காட்டினேன். இவ்வளவு சீக்கிரத்தில் இப்படி மடக்கிய ஆளைத் தான் பார்த்ததே இல்லை என்று அவர் சொன்னதை நீ எனக்கு எடுத்துச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அது போதும். ஆகவே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவராதே, வேலையைப் பார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இது அம்மா. கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு அவர் படுத்திருக்கிறார். வீடியோவில் மடக்கியது இடது கால். அதற்குக் கட்டுப் போட்டு, வலது காலைப் போர்வைக்குள் மறைத்துவிட்டார். கட்டுப் போட்டுவிட்டது நான்தான். "பொண்ணு பாத்தா அழுதுடுவா" என்று கெஞ்சினார். வலது முட்டி வீங்கிச் சிவந்திருக்கிறது, நேற்றிலிருந்து காய்ச்சல் வேறு. ஆட்டோ வாசலில் நிற்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எனக்கு போன் பண்ணு. நீயும் கிளம்பி வா. எனக்குப் பயமாக இருக்கிறது.