பட்டைத் தண்ணீர் ஏன் கறுத்தது

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே பட்டை வைத்தியர் வீட்டு வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர், இதுவும் பேருந்துக்கான வரிசைதான் என்று நினைத்து நின்று, கடைசியில் மூட்டுவலிப் பொட்டலத்தோடு வீடு திரும்பினார். தனக்கு மூட்டுவலி இருப்பதே அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

எட்டு மாதம் முன்பு வரை அதே வீட்டில் பழைய ஃபிரிட்ஜ் விற்றவர்தான் இப்போதைய பட்டையார். வேலமரம் ஒன்று கனவில் வந்து, தன் பட்டையைத் தானே உரித்து அவர் கையில் கொடுத்ததாம். விசிட்டிங் கார்டை எந்த அச்சகத்தில் அடிப்பது என்பதையும் அந்த மரமே சொல்லியிருக்க வேண்டும். கார்டு நன்றாக வந்திருந்தது.

அவருடைய வைத்தியம் இதுதான். பீங்கான் கிண்ணத்தில் பட்டை ஊறிய தண்ணீர், தேநீர் நிறத்தில் இருக்கும். நோயாளி அதில் கையை விட வேண்டும். தண்ணீர் மை போலக் கறுத்தால் உடம்பில் மாத்திரைக் கசடு ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு பட்டையார் வெள்ளைப் பொடி ஒன்றைத் தூவுவார். கறுப்பு கலைந்து தண்ணீர் பழையபடி தெளியும். அந்தப் பொடியை நாற்பது நாள் சாப்பிட வேண்டும். அதுவரை வேறு எந்த மாத்திரையையும் தொடக்கூடாது. பெரும்பாலும் எல்லாருக்கும் கறுத்தது. ஊரில் இவ்வளவு கசடு இருந்ததா என்று எல்லாரும் வியந்தார்கள். இவ்வளவு துல்லியமாக எல்லாருக்கும் ஒரே நோய் எப்படி என்று யாரும் வியக்கவில்லை.

ஒருத்தி வியந்தாள். தோல் பதனிடும் ஆலையில் பட்டைக் குழிகளுக்கு மேஸ்திரி அவள். வேலம்பட்டையை ஊறவைத்த குழியில் தோலை நனைத்துப் பதப்படுத்துவது இருபத்திரண்டு வருடமாக அவள் பார்க்கும் வேலை. அவளுடைய தம்பி, பேருந்து நடத்துனர், காசநோய்க்காரன். ஆறு மாத மாத்திரையில் நாலு மாதம் முடித்து, இருமல் நின்று, எடை கூடி வந்த நேரத்தில் பட்டையார் கிண்ணத்தில் கையை விட்டுவிட்டான். மாத்திரையை நிறுத்திப் பதின்மூன்று நாள். இருமல் மறுபடி வந்துவிட்டது.

"இன்னும் ரெண்டே மாசம்டா. பாதியில விட்டா மருந்துக்கே அடங்காத நோயா மாறிடும்னு நர்ஸ் சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா தண்ணி கறுத்ததை நான் கண்ணால பார்த்தேன்க்கா. நாலு மாசக் கசடு."

"இருமுறியே."

"கசடு வெளியேறுது. இருமல் வரும்னு அவரே சொன்னார்."

"வராம இருந்திருந்தா?"

"குணமாகுதுன்னு அர்த்தம்."

 காசைச் சுண்டினால் எப்படி விழுந்தாலும் அவருக்கே சாதகமாக விழும் வைத்தியம்.

"அவர் சொல்றது பொய்னு என் கண்ணு முன்னாடி காட்டு. அன்னைக்கே மாத்திரையைப் போடறேன்" என்றான் தம்பி.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு நேராக வரிசைக்கு வந்து அவனோடு நின்றாள்.

பட்டையார் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'சாவி, வளையம், கத்தி, எந்த இரும்பும் உள்ளே வரக்கூடாது. மரம் கோபிக்கும்.' மேஸ்திரி அதை இரண்டு முறை படித்தாள். அவளுடைய ஆலையிலும், பட்டைக் குழிக்குப் போகும் கதவில், இதே பலகை உண்டு. மரத்தின் கோபத்துக்காக இல்லை. புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவன் குழிக்குள் ஸ்பானரை மறந்து வைத்துவிட்டுப் போக, மறுநாள் அறுபது தோல்கள் கரிபிடித்த மாதிரி வெளியே வந்தன. பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சந்தித்தால் கறுக்கும். வேண்டுமென்றே கறுப்புச் சாயம் ஏற்ற அன்னபேதியைக் கரைத்து ஊற்றுவார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு.

'இந்த ஆளுக்கு விஷயம் தெரியும்' என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே பட்டையாரின் மைத்துனர், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஈரத்துண்டுகளை நீட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டுதான் கிண்ணத்தில் விட வேண்டுமாம். வெள்ளைத் துண்டுகள். ஓரமெல்லாம் துருவின் மஞ்சள்.

மேஸ்திரி துண்டை வாங்கினாள். துடைக்கவில்லை. வெறும் கையைக் கிண்ணத்தில் விட்டாள்.

தண்ணீர் தேநீர் நிறத்திலேயே இருந்தது. 

பட்டையார் சமாளித்தார். "மாத்திரையே தொடாத உடம்பு. கொடுத்து வச்சவங்க தாயி நீங்க."

"ஏழு வருஷமா பிரஷருக்கு மாத்திரை போடறேன். காலையிலகூட ஒண்ணு போட்டேன்."

காய்கறிப் பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்தாள். ஈரத்துண்டால் அதைக் குழந்தையைத் துவட்டுவது போல நன்றாகத் துடைத்து, கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் கறுத்தது.

"இந்த உருளைக்கிழங்கு ஒரு நாளும் மாத்திரை போட்டதில்லைங்க."

"வயல்ல உரம் போடறாங்களே தாயி. அந்தக் கசடு."

வரிசையில் பத்துப் பேர் தலையாட்டினார்கள். "ஆமா, இப்பல்லாம் எல்லாத்துலயும் உரம்தான்" என்றார் ஒருவர், நிம்மதியாக.

மேஸ்திரி பெருமூச்சு விட்டாள். அடுத்த கிண்ணத்தை இழுத்து, துண்டை அதன் மேலே பிடித்து முறுக்கிப் பிழிந்தாள். யார் கையும் தண்ணீரில் படவில்லை. சொட்டு விழுந்த இடமெல்லாம் மை பரவியது.

"துண்டுக்கு யாருங்க உரம் போட்டது?"

இந்த முறை யாரும் தலையாட்டவில்லை. தம்பி மைத்துனரின் கையுறையைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"துண்டுல அன்னபேதித் தண்ணி இருக்கு. இரும்பும் பட்டையும் சேர்ந்து கறுக்குது. இப்ப பொடி." ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தாள். "புளிக்குது. எலுமிச்சை உப்பு."

"துணியில துருக்கறை போக நாங்க போடறதாச்சே" என்றார் வரிசையில் நின்ற சலவைக்கடைக்காரர். "இதையா நான் இருபது நாளா முழுங்கினேன்?"

"அதேதான். கறை போற மாதிரி கறுப்பும் போகுது."

பட்டையார் எழுந்தார். "யாரைக் கேள்வி கேக்கறே? நம்பிக்கை இல்லாதவங்க முன்னாடி மரம் பேசாது. வெளியே போ."

"மரம் நல்லாத்தான் பேசுது. நீங்கதான் அதைப் பேசவிடல."

"அப்போ பட்டை வைத்தியமே பொய்யா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா. ஈறு வீங்கினா நானே வேலம்பட்டைத் தண்ணியில வாய் கொப்பளிக்கிறேன். துவர்ப்பு தோலை இறுக்குது, ஈறையும் இறுக்குது. வயித்துப்போக்குக்கும் அந்தக் காலத்துல கொடுத்திருக்காங்க. ஆனா நுரையீரல்ல இருக்கற கிருமியை அது ஒண்ணும் செய்யாது."

மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது ஒரு மரப்பட்டையிலிருந்துதான். ஆனால் அந்தப் பட்டையிலிருந்து சத்தைப் பிரித்து, அளந்து, எத்தனை பேருக்குக் குணமானது, எத்தனை பேருக்குக் குணமாகவில்லை என்று எழுதிவைத்தார்கள். பட்டையார் எழுதிவைத்தது விலைப்பட்டியலை மட்டும்.

மைத்துனர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். பட்டையாரைச் சலவைக்கடைக்காரர் போகவிடவில்லை. கலவரத்தில் யாரோ அந்தக் கறுத்த உருளைக்கிழங்கைக் கைக்குட்டையில் பயபக்தியோடு சுற்றி எடுத்துப் போனதாக ஒரு தகவல். எதற்கு என்று தெரியவில்லை.

அக்காவும் தம்பியும் அங்கிருந்து நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். நர்ஸ் திட்டினார். சளியை மறுபடி பரிசோதிக்க வேண்டும், மாத்திரையை முதலிலிருந்து தொடங்க வேண்டியும் வரலாம் என்றார். தம்பி எல்லாவற்றுக்கும் சரி என்றான். பிறகு தயங்கிக் கேட்டான்.

"சிஸ்டர், இந்த மாத்திரை வேலை செய்யுதுன்னு நீங்க எதை வச்சுச் சொல்றீங்க?"

நர்ஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று மேஸ்திரி நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் மாதச் சளிப் பரிசோதனைத் தாளையும் மூன்றாம் மாதத் தாளையும் அருகருகே வைத்தார். முதல் தாளில் கிருமி இருந்தது, இரண்டாவதில் இல்லை.

"நாலு மாசமா வர்றீங்க. இதை நீங்க கேக்கறது இன்னைக்குத்தான்" என்றார்.

கேட்டால் உட்கார்ந்து விளக்குகிறவரிடம் நாலு மாதம் ஒன்றும் கேட்காமல் இருந்தான். கேட்டால் வெளியே போ என்கிறவரிடம் கையை நீட்டினான். அவன் ஒருவன் மட்டும் அல்ல. யாரிடமாவது உங்கள் உடம்பை ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் உட்காருங்கள். கோபம் வந்தால், அதுதான் பதில்.