குந்து மாஸ்டரின் சிவப்பு நாற்காலி

உத்தியோகம் தேடுகிறவர்களை எரிச்சல்படுத்துவதில் குந்து மாஸ்டரை மிஞ்ச ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது. இனிமேல் பிறக்கவும் வேண்டாம், ஒருத்தரோடு பட்டதே போதும்.

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் போட்டோ கொப்பி கடை வைத்திருந்தார். பயோடேட்டா டைப் பண்ணித் தருவார். கேட்காமலே புத்தியும் சொல்வார். இத்தனைக்கும் அவரே மூன்று நேர்முகத்தில் தோற்றவர், என்னைவிட ரெண்டு வயசு சின்னவர். ஆனால் 'மாஸ்டர்' என்று கூப்பிடாவிட்டால் மெஷின் ஓடாது.

நான் அப்போது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சர். அரசாங்க கிளார்க் வேலைக்கு நேர்முகக் கடிதம் வந்திருந்தது. வயசெல்லை தாண்ட நாலே மாசம். இதை விட்டால் அப்புறம் விண்ணப்பம்கூடப் போட முடியாது. பயோடேட்டா அடிக்கலாமென்று மாடி ஏறினேன்.

"குந்துங்க" என்று ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

"பரவாயில்லீங்க, நிக்கிறேன்" என்றேன்.

டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். "வேல போச்சு" என்றார்.

"என்னாங்க?"

"தோட்டத்து ஆபிஸ்ல தொர முன்னுக்கு யாராச்சும் குந்துவோமா? லீவு கேக்கப் போனாலும் நின்னுக்கிட்டுதான் பேசுவோம். அதே பழக்கத்துல நேர்முகத்துலயும் போய் நிக்கிறோம். அவங்க குந்துங்கன்னு சொன்னா குந்தணும். எங்க, ஒருக்கா குந்துங்க பாப்போம்."

நுனியில் உட்கார்ந்தேன்.

"இது குந்துறதா? மடுல்சீம பஸ்ல பாதி சீட்டு கெடச்ச மாதிரி இருக்கு. எழும்புங்க. திரும்ப."

பதினோரு தடவை. கொப்பி எடுக்க வந்த சனமெல்லாம் வேடிக்கை பார்க்கிறது. கீழே துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாரையும் பிடித்து, "நீங்கதான் ஆபிசர், ஒரு கேள்வி கேளுங்க" என்றார். பாவம் அந்த மனுசன், ரொம்ப நேரம் யோசித்து, "மழ வெளியில பெய்யிதா?" என்று கேட்டார். அதற்கும் சாய்ந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து, பெய்யுதுங்க என்று பதில் சொன்னேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நாற்காலியை மாடியிலிருந்து எறிந்திருப்பேன்.

அதோடு விட்டாரா? 'கடின உழைப்பாளி' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டார்.

"இதத்தான் எல்லாரும் போடுறாங்க. நீங்க என்னா செஞ்சீங்க? அதச் சொல்லுங்க."

"நான் என்னா செஞ்சேன், இருபத்தாறு புள்ளைங்கள ஒரே ரூம்ல வச்சு மேய்க்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். அப்படியே மரியாதையான தமிழில் மாற்றி டைப் அடித்துவிட்டார்.

நேர்முகத்துக்கு வரவே வேண்டாம் என்று அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தேன். அன்றைக்குக் காலையில் போனால், நேர்முகம் நடக்கிற கந்தோர் கேட் பக்கத்தில் ஆள் நிற்கிறார். தலையில் சிவப்பு நாற்காலி.

"கடைசியா ஒருக்கா" என்றார்.

மற்ற விண்ணப்பக்காரர்கள் பார்க்க, காவலாளி பார்க்க, நடுரோட்டில் உட்கார்ந்து எழும்பினேன். மானம் போனது. இனி இந்த ஆளின் மாடிப் படியை மிதிப்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

உள்ளே மூன்று பேர். நடுவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. "இருங்கோ" என்று எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார். என் கை தானாகக் கட்டிக்கொண்டது. 'பரவாயில்லீங்க' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வெளியே நாற்காலியோடு நிற்கிற அந்தப் பாவி முகம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்தேன். முதுகு சாயிற வரைக்கும் உட்கார்ந்தேன்.

"இருபத்தாறு பிள்ளையளையும் ஒரே அறையில எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு என்னை நிறுத்துவதுதான் அவர்களுக்குக் கஷ்டமாகப் போனது.

வேலை கிடைத்தது. போன மாசம் என் மேசைக்கு முன்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நிமிர்ந்தேன். மாஸ்டர். கடைப் பதிவைப் புதுப்பிக்க வந்திருக்கிறார். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"குந்துங்க மாஸ்டர்."

"பரவாயில்லீங்க மிஸ், நிக்கிறேன்."

அந்த மூன்று நேர்முகத்திலும் இந்த மனுசன் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். எழும்பிப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"வேல போச்சு மாஸ்டர்" என்றேன்.

சிரித்துவிட்டார். நுனியில் உட்கார்ந்தார்.

"பாதி சீட்டு. எழும்புங்க. திரும்ப."

ரெண்டாவது தடவை ஒழுங்காகச் சாய்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலைதான். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, ஒரு மணித்தியாலம் இழுத்தேன்.