பொருந்தவில்லை என்று திரும்பி வந்த பூட்டு

மதிப்புக்குரிய பெரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது முறை. எனக்கு அவள் எந்த பஸ்ஸில் திரும்பி வருகிறாள் என்று அறியத்தான் ஆவல். அவளும் போனை எடுப்பதில்லை, நீங்களும் எடுப்பதில்லை, அதனால் கடிதம். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான் என்றாலும் என் பக்கத்தையும் கேளுங்கள்.

ஓய்வு பெற்றபின் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல் இணையத்தில் பூட்டு விற்க ஆரம்பித்தேன் அல்லவா. போன மாதம் ஒரு ஆள் இரண்டு பெரிய பூட்டுகள் வாங்கி, மூன்றாம் நாளே ஒன்றைக் "கதவுக்குப் பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்பினார். பெட்டியைப் பிரித்தால் துருப்பிடித்த பழைய பூட்டு. புதுசை வைத்துக்கொண்டு பழசைத் தள்ளிவிடும் கில்லாடிகள் இந்தத் தொழிலில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், நமக்கே வந்து வாய்த்தது. விற்பனைத் தளத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் பேசினாள். "பூட்டு போச்சு, பூட்டு வந்துச்சு, எடையும் சரியா இருக்கு. இதுல என்ன சார் மோசடி?" என்றாள். நான் போனில் வாதாடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் தங்கை அந்தத் துருப்பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏங்க, இது நம்ம பின்கதவுப் பூட்டு" என்றாள். பூட்டென்றால் எல்லாம் ஒரே ஜாடைதான் என்று அடக்கினேன். அவள் எங்கள் சாவியைப் போட்டுத் திருப்பினாள், திறந்துகொண்டது. பின்கதவை நாங்கள் உள்பக்கமாகப் பூட்டுவது உங்களுக்குத் தெரியும். போய்ப் பார்த்தால் அங்கே நான் விற்ற புதுப்பூட்டு பளபளவென்று தொங்குகிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனாலும் வியாபாரி புத்தி போகுமா, "பாரு, எவ்வளவு கச்சிதமா இருக்கு, பொருந்தலன்னு பொய் சொல்லியிருக்கான்" என்று சொல்லித் தொலைத்தேன். "அதோட சாவி யாருகிட்டங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மத்தியானமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அவள் போன மறுநாள் இரண்டாவது பூட்டும் திரும்பி வந்தது. காரணம் என்ற இடத்தில், "வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டார். இனி சிறியதே போதும்" என்றிருந்தது. பெட்டியைப் பிரிக்காமலே பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். சனியன் தொலையட்டும் என்று சின்னப்பூட்டு ஒன்றை அனுப்பிவிட்டுக் கடையையும் மூடினேன். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பின்கதவையே செங்கல் வைத்து அடைத்தாகிவிட்டது. இனி முன்கதவு ஒன்றுதான் வழி, என் கண்ணில் படாமல் ஒரு எறும்பு நுழைய முடியாது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை, மச்சான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. சண்டை போடவாவது ஆள் வேண்டாமா. தயவு பண்ணி அனுப்பி வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
எப்போதும் உங்களுக்குப் பணிந்து நடக்கும் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது போனில் ஒரு மணிச்சத்தம். அந்த ஆள் மதிப்புரை போட்டிருக்கிறார்: "நல்ல பூட்டு. சிறியது சரியாகப் பொருந்திவிட்டது." முன்கதவைத் திறக்கப் போனேன். வெளியே பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "என்ன சார் விளையாடுறீங்க? மனைவியைக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொல்லிட்டு, இப்பத்தானே பூட்டிட்டுக் கிளம்புனீங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இதைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளுகிறேன், யாராவது எடுத்துத் தபாலில் சேர்க்கட்டும். உங்கள் தங்கையை அனுப்பாதீர்கள், மச்சான். நானே நேரில் வந்து கூப்பிட்டாலும் அனுப்பாதீர்கள்.