நச்சுக் காத்துக்கு நான் சொன்ன விளக்கம்

ரொட்டி சுடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆண்டவனே இறங்கி வந்து மாவைப் பிசைந்து கொடுத்தாலும் சுடமாட்டேன்.

என் மனைவி பிரேமினி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். நான் கொட்டகலை கடைவீதியில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன்.

"மலையில ஏறி எறங்கி நாந்தான் சாகுறேன். நீங்க மேசையில சாஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. இனிமே அந்திக்கு ரொட்டி ஒங்க வேலை" என்றுவிட்டாள்.

தப்பிக்க வழி தேடியபோதுதான் சுகாதார அதிகாரி ஒருவர் தோட்டத்தில் வந்து பேசினார். அவர் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"பிரேமினி, நம்ம அடுப்படியில இருக்கிறது நச்சுக் காத்து!"

"நச்சுன்னா?"

"விஷமான. ஒடம்புக்கு ஆகாத. மூச்சுல போனா நெஞ்சக் கெடுக்கிற."

"வேற எதுக்கெல்லாம் சொல்லலாம்?"

"நச்சுப் புகை. நச்சு வாயு."

"நச்சுப் புருஷன்?"

"அது இலக்கணத்துக்கு ஆகாது."

சிரிக்கப் போனவள் இருமினாள். காலையும் மாலையும் விறகுப் புகையில் நிற்கிறவள். எனக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "அதனால நான் அடுப்படிக்குள்ள வரக்கூடாது" என்றேன்.

"ஐயோ, வேணாங்க! ஒங்க நெஞ்சு முக்கியம்."

கல்யாணமானதிலிருந்து இவ்வளவு சுலபமாக நான் ஜெயித்ததே இல்லை.

மறுநாள், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த வீட்டு மீனம்மா அக்கா வழிமறித்தார்.

"தம்பி, பொண்டாட்டி இருமுறதப் பார்த்து மனசு கேக்காம புகைபோக்கி வைக்கப் போறீங்களாமே! இந்த லயத்துல ஒரு ஆம்பளைக்கும் இது தோணலையே!"

நான் எங்கே சொன்னேன்? ஆனால் அக்கா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பின்னால் நாலு பெண்கள் என்னைத் தெய்வம்போலப் பார்க்கிறார்கள். "ஆமாக்கா" என்று வாய் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஏறினேன். மேசன் சின்னராசா தகரத்தை வெட்டினார். கடையிலிருந்து கொண்டுவந்த குழாயை நான் பொருத்தினேன். அடுப்பை மூட்டினோம். புகை சொன்னபடி கேட்டு மேலேறிப் பனிமூட்டத்தில் கலந்தது. பிரேமினி அடுப்புப் பக்கத்தில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள். இருமல் வரவில்லை. எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"இப்ப நச்சு இருக்குங்களா?"

"துளிகூட இல்ல!"

"அப்பச் சரி" என்று மாவுச்சட்டியை என் கையில் வைத்தாள்.

சுட்டேன். முதல் ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு வாயில் போட்டவள், "நச்சுன்னு இருக்குங்க" என்றாள்.

பதறிப்போனேன்.

"பிரமாதம்னு சொன்னேங்க! அதுவும் தமிழ்தான்."

அப்போது வாசலில் மீனம்மா அக்கா தலை தெரிந்தது.

"தம்பி, வர்ற ஞாயிறு எங்க வீட்டுக்கும் புகைபோக்கி வைக்கிறீங்களாமே? வச்ச கையோட ரொட்டியும் நீங்களே சுட்டுத் தருவீங்கன்னு பிரேமினி லயம் முழுக்கச் சொல்லிட்டா!"