மேலாளருக்குப் பதிலாக

மூன்று நாளாக மேலாளர் நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டத்தைக்கூட நின்றுகொண்டே நடத்தினார். இது ஏதோ புது நிர்வாக உத்தி என்று நம்பி ஊழியர்களும் எழுந்து நின்றார்கள்.

உத்தி இடுப்புக்குக் கீழே இருந்தது. முதலில் குறுகுறுப்பு, பிறகு எரிச்சல், பிறகு கொத்தாக ஐந்து கொப்புளங்கள். அவை உடைந்து புண்ணானதும், சிறுநீர் கழிக்கப் போன மனிதர் கழிப்பறைச் சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். காய்ச்சல் வேறு. மனைவிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் காய்ச்சல் ஒரு டிகிரி ஏறியது. இருபது வருஷக் குடும்பம்!

மேலாளர் எதையும் தன் கையால் செய்து பழகாதவர். வங்கிக்குப் போக, மகளின் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்க, எல்லாவற்றுக்கும் மூத்த எழுத்தர்தான். இதற்கும் அவரையே கூப்பிட்டார்.

"நம்ம நண்பர் ஒருத்தருக்கு ஒரு பிரச்சனை," என்றார் ஜன்னலைப் பார்த்து.

"மூணு நாளா நிக்கிறாரே, அந்த நண்பரா சார்?"

"...ஆமா."

அறிகுறிகளை வரிசை எண் போட்டு எழுதிக் கொடுத்தார். தலைப்பு: 'பொருள்: கீழ்ப்பகுதி தொடர்பாக.'

எழுத்தர் மதியமே திரும்பி வந்தார். "காகிதத்துக்கு வைத்தியம் பார்க்க மாட்டாங்களாம் சார். ஆளைப் பார்க்கணுமாம்."

"ஆள் நீங்கதான்னு சொல்லுங்க."

மறுநாள் எழுத்தர் திரைக்குப் பின்னால் படுத்தார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாராம்.

"இங்க ஒண்ணுமே இல்லையேன்னாங்க சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேத்து இருந்துச்சுன்னேன்."

"சபாஷ்!"

"எழுதியிருக்கறதைப் பார்த்தா ஹெர்பிஸ் மாதிரி இருக்காம், உறவுல ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டுமாம். புண் இருக்கும்போதே காட்டினாத்தான் பரிசோதிச்சு உறுதியாச் சொல்ல முடியுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க."

மேலாளர் நிம்மதியாக மூச்சு விட்டார். ஒப்படைத்துவிட்ட வேலை முடிந்த வேலை என்பது அவர் சித்தாந்தம். ஐந்து நாள் காத்திருந்தார். தொடையிடுக்கில் நெறி கட்டியதுதான் மிச்சம்.

வீட்டில் மனைவி கேட்டாள். "என்னங்க இது, சாப்பாட்டைக்கூட நின்னுக்கிட்டு? படுக்கையும் தனி ரூமுக்குப் போயிடுச்சு?"

"நிற்பது முதுகெலும்புக்கு நல்லது," என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். அவளும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் முதல் அவளும் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

ஆறாம் நாள் எழுத்தரிடம் பாய்ந்தார். "மாத்திரை எங்கேய்யா?"

"முடிச்சிட்டேன் சார்."

"என்னத்தை முடிச்சீரு?"

"ஒரு வேளைகூடத் தவறல சார். சீட்டுல என் பேருதானே இருந்துச்சு? லேசா தலைவலி, மத்தபடி தேவலை."

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக மேலாளர் ஓர் இடத்துக்குத் தானே போனார். டாக்டரம்மாவுக்கு இம்முறை கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது. ஹெர்பிஸேதான்.

"பயப்படாதீங்க, நிறைய பேருக்கு இருக்கு. முக்கால்வாசிப் பேருக்கு இருக்கறதே தெரியாது. கிருமி உடம்பை விட்டுப் போகாது, நரம்புல ஒளிஞ்சிருந்து அப்பப்போ தலைகாட்டும். மாத்திரை போட்டா அடங்கியிருக்கும்."

"நான் யோக்கியன் டாக்டர்!"

"நான் அதைப் பரிசோதிக்கலையே. பல வருஷத்துக்கு முன்னாடி ஒட்டினதாக்கூட இருக்கலாம். ஆனா வீட்டம்மாகிட்ட நீங்க சொல்லியே ஆகணும்."

இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். 'அன்பார்ந்த மனைவிக்கு' என்பதற்கு மேல் நாக்கு நகரவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கிப் போகிற காட்சி மட்டும் தடையில்லாமல் வந்தது. மூன்றாம் நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு எழுத்தரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஒரு தடவை மட்டும் எனக்காகப் போங்க. அவ கோவிச்சுக்காத மாதிரி, பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

எழுத்தர் நகரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"உங்க வீட்டம்மாவுக்கே இது நாலு வருஷமா இருக்கு சார். நீங்க கோவிச்சுக்காத மாதிரி பக்குவமா எடுத்துச் சொல்லச் சொல்லி அவங்களும் என்னைத்தான் அனுப்பினாங்க, நான்தான் நேரம் பார்த்துக்கிட்டே இருக்கேன்."